காந்தத்துக்குள் போகும் முன்பே கெட்டுப்போகும் ஸ்பெக்ட்ரம்

பல்கலைக்கழக என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு, சேர்மத்தின் கட்டமைப்பைக் கண்டறியும் முறை) மையத்தில் சாம்பிளைக் கொடுத்துவிட்டு, கைக்கு வந்த ஸ்பெக்ட்ரத்தைப் பார்த்ததும் "மெஷின் சரியில்லை போல" என்று சொல்வது வழக்கம். பெரும்பாலும் மெஷின் சரியாகத்தான் இருக்கும், கோளாறு ட்யூபுக்குள் இருக்கும். பொது மையங்களில் ஆட்டோசாம்ப்ளர் என்ற தானியங்கி வரிசையாக ட்யூபுகளை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். உங்கள் ஒரு ட்யூபுக்காக அரை மணி நேரம் உட்கார்ந்து ஷிம் செய்ய (காந்தப்புலத்தைச் சீராக்க) அங்கே ஆள் இருக்காது. அதனால் வேலையில் முக்கால்வாசி உங்கள் மேசையிலேயே முடிந்தாக வேண்டும்.

முதலில் எடை. 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில், மூலக்கூறு எடை 500க்குள் இருக்கும் சேர்மத்துக்கு, புரோட்டான் (ஹைட்ரஜன்) ஸ்பெக்ட்ரத்துக்கு 5 முதல் 10 மில்லிகிராம் போதும். கார்பன் ஸ்பெக்ட்ரத்துக்கு 20 முதல் 50 வரை கொடுங்கள். கார்பன்-13 இயற்கையில் 1.1 சதவீதம்தான் இருக்கிறது, அதன் சிக்னலும் புரோட்டானைவிடப் பலவீனம். ஸ்கேன்களைக் கூட்டிச் சமாளிக்கலாம்தான். ஆனால் சிக்னல்-இரைச்சல் விகிதம் ஸ்கேன் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் உயரும். 20 மில்லிகிராமில் ஒரு மணி நேரத்தில் கிடைப்பது, 10 மில்லிகிராமில் நான்கு மணி நேரம் கேட்கும். 5 மில்லிகிராம் என்றால் பதினாறு மணி நேரம். கையில் அவ்வளவுதான் இருக்கிறது என்றால் கார்பனுக்கு முன்பாக ஹெச்எஸ்க்யூசி, ஹெச்எம்பிசி என்ற இரு பரிமாண ஸ்பெக்ட்ரங்கள் இரண்டையும் கேளுங்கள். இவை கார்பனின் தகவலைப் புரோட்டான் வழியாகப் படிப்பவை என்பதால் குறைந்த எடையிலும் ஓடிவிடும். அதற்காகப் புரோட்டானுக்கு 100 மில்லிகிராம் போட்டுக் கூழாக்கவும் வேண்டாம். கரைசல் பிசுபிசுத்தால் பீக்குகள் (சிக்னல் முகடுகள்) தடித்துவிடும்.

அடுத்தது கரைசலின் உயரம். இதில்தான் சிக்கனம் பார்த்து மாட்டிக்கொள்கிறார்கள். 5 மில்லிமீட்டர் ட்யூபில் 0.6 மில்லிலிட்டர் ஊற்றினால் நான்கு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நிற்கும். அளவு அதுதான். சிக்னலை வாங்கும் சுருள் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் உயரம்தான், அப்புறம் எதற்கு இத்தனை என்று 0.3 மில்லிலிட்டரோடு நிறுத்தினால், கரைசலும் காற்றும் சேரும் எல்லை சுருளுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அந்த எல்லையில் காந்தப்புலம் வளைகிறது. ஷிம் அதைச் சரிசெய்ய முயன்று தோற்கும். ஒவ்வொரு பீக்கின் அடியிலும் பாவாடை விரித்ததுபோல ஒரு அகலம் தெரிந்தால் முதலில் கரைசலின் உயரத்தைப் பாருங்கள். ஒரு மில்லிலிட்டர் ஊற்றுவதும் லாபமில்லை, பொருளில் பெரும்பகுதி சுருளுக்கு வெளியே சும்மா நிற்கும்.

கரையாத துகள் இருந்தாலும் இதே கதைதான். பாஸ்டர் பிப்பெட்டில் சிறிது பஞ்சை அடைத்து, முதலில் கரைப்பானால் அலசிவிட்டு, அதன் வழியாக வடிகட்டி ட்யூபில் விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத எதிரி காப்பர், இரும்பு, மாங்கனீஸ் போன்ற பாராகாந்த அயனிகள். காப்பரை வினையூக்கியாகக் கொண்ட கிளிக் வினை முடிந்து காப்பரைச் சரியாகக் கழுவாத சாம்பிளில் பீக்குகள் குன்றுபோல் மழுங்கி வரும், சில பீக்குகள் காணாமலே போகும். அதை எவ்வளவு ஷிம் செய்தும் பயனில்லை. உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ கரைசலால் கழுவி, மறுபடி உலர்த்திக் கொண்டுவருவதுதான் வழி.

கரைப்பானில் டியூட்டீரியம் (ஹைட்ரஜனின் கனமான ஐசோடோப்பு) இருப்பது கரைப்பானின் புரோட்டான் சிக்னலை மறைக்க மட்டுமல்ல. காந்தப்புலம் நகர்ந்துவிடாமல் கருவி டியூட்டீரியத்தின் சிக்னலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைத்தான் லாக் என்கிறோம். படிவத்தில் குளோரோஃபார்ம் என்று எழுதிவிட்டு ட்யூபில் டிஎம்எஸ்ஓ என்ற வேறு கரைப்பானை வைத்தால் ஆட்டோசாம்ப்ளர் தவறான இடத்தில் தேடும். லாக் கிடைக்காமல் போகலாம், கிடைத்தாலும் பீக்குகளின் இடத்தைச் சொல்லும் பிபிஎம் அளவுகோல் முழுதும் தள்ளி நிற்கும். டியூட்டரேட்டட் குளோரோஃபார்ம் பழசானால் அமிலம் ஊறும். அசிட்டால், ட்ரைட்டைல் மாதிரி அமிலம் தாங்காத தொகுதிகள் ட்யூபிலேயே உடையும். சிறிது கார அலுமினா வழியாக விட்டுப் பயன்படுத்தினால் அந்தத் தொல்லை இல்லை. டிஎம்எஸ்ஓ எதையும் கரைக்கும், ஆனால் பொருளை அதிலிருந்து திரும்ப எடுப்பது பெரும்பாடு. வேறு வழி இருந்தால் அதைத் தொட வேண்டாம் என்பேன். ஓஹெச், என்ஹெச் புரோட்டான்களைத் தேடுபவர்களுக்கு மட்டும் அது நல்லது. மெத்தனாலிலும் கனநீரிலும் அவை பெரும்பாலும் டியூட்டீரியத்தோடு இடம் மாறி மறைந்துவிடும்.

மீதமிருக்கும் கரைப்பான்களின் இடங்கள் மனப்பாடமாகத் தெரிந்திருப்பது நல்லது. டியூட்டரேட்டட் குளோரோஃபார்மில் 7.26 அதன் சொந்த பீக், 1.56 நீர், 2.17 அசிட்டோன், 5.30 டைகுளோரோமீத்தேன், 0.07 சிலிகோன் கிரீஸ். டிஎம்எஸ்ஓவில் 2.50 சொந்த பீக், 3.33 நீர். குளோரோஃபார்மில் 1.26, 2.05, 4.12 மூன்றும் சேர்ந்து வந்தால் அது எத்தில் அசிட்டேட். சேர்மத்தைப் பிரிக்கச் சிலிக்கா காலம் (column) ஓட்டியவர்களுக்குப் பழகிய விருந்தாளி. ஒரு மில்லிகிராம் எத்தில் அசிட்டேட் என்ன பெரிதா என்று தோன்றும். மூலக்கூறு எடை 400 உள்ள சேர்மம் 10 மில்லிகிராம் என்றால் 25 மைக்ரோமோல். ஒரு மில்லிகிராம் எத்தில் அசிட்டேட்டோ 11 மைக்ரோமோலுக்கு மேல். அதாவது உங்கள் சேர்மத்தின் ஒரு மெத்தில் பீக்கில் பாதி அளவுக்கு அதன் மெத்திலும் எழுந்து நிற்கும். டைகுளோரோமீத்தேனில் கரைத்து ஆவியாக்குவதை இரண்டு மூன்று முறை செய்து, பிறகு வெற்றிட பம்பில் வைத்தால் போய்விடும்.

ட்யூபைக் கழுவ அசிட்டோன் போதும். குரோமிக் அமிலம் வேண்டவே வேண்டாம், கண்ணாடியில் ஒட்டும் குரோமியமும் பாராகாந்தம்தான். சூடான ஓவனில் சாய்த்து நிறுத்தி வைத்தால் ட்யூப் வளையலாம். தட்டில் படுக்கவைத்து, மிதமான சூட்டில் அல்லது வெற்றிடத்தில் உலர்த்துங்கள். வாயில் சிறு விரிசல் தெரிந்தாலும் தூக்கிப்போடுங்கள். உள்ளே உடைந்தால் சுருள் இருக்கும் ப்ரோபைக் கழற்ற வேண்டிவரும், அதுவரை எல்லோருடைய வரிசையும் நிற்கும். பெயரை மூடியில் எழுதுங்கள். கொடிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் லேபிள் ட்யூபை உள்ளே இறங்கவிடாது.

இன்டகிரேஷன் (பீக்கின் பரப்பை அளந்து எண்ணுவது) பற்றி ஒரு வார்த்தை. வழக்கமான கார்பன் ஸ்பெக்ட்ரத்தில் பீக் உயரத்தை வைத்துக் கார்பன்களை எண்ணாதீர்கள். ஹைட்ரஜன் இல்லாத கார்பன்கள் மெதுவாகத்தான் தளரும் (பழைய நிலைக்குத் திரும்பும்), அதனால் பெரும்பாலும் குட்டையாகத்தான் வரும். தூய்மைச் சதவீதம் கணக்கிடப் புரோட்டான் வேண்டுமென்றால் படிவத்திலேயே அப்படி எழுதிவிடுங்கள். 90 டிகிரி பல்ஸ் (ரேடியோ அலைத் துடிப்பு) என்றால், மிக மெதுவாகத் தளரும் புரோட்டானின் டி1 என்ற தளர்வு நேரத்தைப்போல ஐந்து மடங்காவது ஸ்கேன்களுக்கிடையே காத்திருக்க வேண்டும். ஆட்டோசாம்ப்ளரின் வழக்கமான அமைப்பு அவ்வளவு காத்திருக்காது.

முடிவைப் பிடிஎஃப்பாக மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். எஃப்ஐடி (கருவி பதிந்த மூல சிக்னல்) இருக்கும் முழு ஃபோல்டரையும் வாங்குங்கள். ஃபேஸ், பேஸ்லைன் எல்லாவற்றையும் நீங்களே திருத்த அது இருந்தால்தான் முடியும். ட்யூபையும் அந்த வாரமே திரும்ப எடுத்துவிடுங்கள், மூடி போட்டிருந்தாலும் குளோரோஃபார்ம் மெல்ல ஆவியாகிக்கொண்டுதான் இருக்கும்.