அணைய மறுத்த நியான்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு வந்த கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றின் முகப்பில் எட்டு சின்ன நியான் விளக்குகள். 5 வோல்ட் லாஜிக் சுற்று சொன்னபடி அவை எரிய வேண்டும், அணைய வேண்டும். விளக்குக்கு ஒரு டிரான்சிஸ்டர், அவ்வளவுதானே என்று உட்கார்ந்தேன்.

இந்த வகை விளக்கு பற்றிக்கொள்ள 70 முதல் 90 வோல்ட் வரை வேண்டும். பற்றிய பிறகு விளக்கின் இரு முனைக்கும் இடையிலான வோல்டேஜ் 58 வோல்ட் அளவில் நின்றுவிடும். தொடரில் ரெசிஸ்டர் இல்லையென்றால் மின்னோட்டம் ஏறிக்கொண்டே போகும். 120 வோல்ட் சப்ளைக்கு 120 கிலோ ஓம் போட்டேன், அரை மில்லிஆம்பியர். இதற்குக் கையில் இருந்த பிசி547 டிரான்சிஸ்டர் தாராளம் என்று பட்டது. லாஜிக்கின் கட்டளை வந்து சேரும் பேஸ் முனைக்கு 47 கிலோ ஓம்.

எரிந்தது. அணைக்கச் சொன்னால் மட்டும் முழுதாக அணையவில்லை. மங்கலான ஆரஞ்சு ஒளி விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. பலகையில் கசிவோ என்று துடைத்துப் பார்த்தேன், டிரான்சிஸ்டரை மாற்றினேன். இரண்டு நாள் போனது. கடைசியில் டிரான்சிஸ்டரில் விளக்கு இணைந்திருக்கும் முனையான கலெக்டரை அளந்தால் 54 வோல்ட். அப்போதுதான் புரிந்தது. பிசி547 தாங்கும் என்று உறுதி தருவது 45 வோல்ட்தான். அணைந்த நிலையில் கலெக்டர் 120 வரை ஏறப் பார்க்கிறது. வழியிலேயே டிரான்சிஸ்டர் தாங்க முடியாமல் மின்னோட்டத்தைக் கடத்திவிடுகிறது. மீதி 66 வோல்ட்டில் விளக்கு 58 எடுத்துக்கொள்ள, ரெசிஸ்டருக்கு 8. ஏறத்தாழ 65 மைக்ரோஆம்பியர்! நியான் மினுங்க அது போதும். டிரான்சிஸ்டர் கருகாமல் இருந்ததும் அந்த ரெசிஸ்டரால்தான்.

எரியும் நிலைக்கு மட்டும் கணக்குப் போட்டிருந்தேன். 300 வோல்ட் தாங்கும் எம்பிஎஸ்ஏ42 டிரான்சிஸ்டர் போட்டதும் சரியானது. (அணைந்த விளக்கின் கலெக்டரில் மல்டிமீட்டரை வைத்தால் விளக்கு லேசாக மினுங்கும். மீட்டரின் 10 மெகா ஓம் வழியே ஓடும் சில மைக்ரோஆம்பியர் அது. இதைக் கோளாறு என்று துரத்த வேண்டாம்.)

அப்புறம் பெட்டியை மூடினோம். மேசையில் உடனே எரிந்த விளக்குகளில் இரண்டு, உள்ளே தயங்கித் தயங்கி எரிந்தன. நியானுக்கு இருட்டு ஆகாது. வெளிச்சம் பட்டால் மின்முனையிலிருந்து சில எலக்ட்ரான்கள் கிளம்பும், அவைதான் முதல் அயனியாக்கத்தை, அதாவது வாயு அணுக்கள் மின்னேற்றம் பெறுவதை, தொடங்கிவைக்கின்றன. கும்மிருட்டில் அந்த முதல் எலக்ட்ரானுக்காகக் காத்திருக்க வேண்டும், அல்லது கூடுதல் வோல்ட் தர வேண்டும். சப்ளையை 150 ஆக்கினேன், ரெசிஸ்டரை 180 கிலோ ஓம் ஆக்கினேன், மின்னோட்டம் மாறவில்லை. 300 வோல்ட் டிரான்சிஸ்டர் என்பதால் அந்த ஏற்றத்துக்கும் இடம் இருந்தது.

இன்னொன்றும் செய்தேன், அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. எப்போதும் எரியும் பவர் விளக்கை ஓரத்திலிருந்து எடுத்து எட்டுக்கும் நடுவில் வைத்தேன். அதன் வெளிச்சம் பக்கத்து விளக்குகளில் பட்டது, தயக்கம் போய்விட்டது.

இன்றும் நியான் சுற்று செய்தால், மேசையில் எரிவதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதில்லை. ஒரு இரவு முழுக்கக் கறுப்புத் துணி போர்த்தி வைத்து, காலையில் துணியை எடுக்காமலே சுவிட்சைப் போட்டுப் பார்ப்பேன்.