ஒரே வைமியா, இரண்டு கடல்கள்

ஹவாய்க்கு நான் முதன்முறை சென்றது ஒரு ஜூலை மாதத்தில். ஓஹு தீவின் வடகரையிலுள்ள வைமியா விரிகுடா அப்போது குளம்போல் கிடந்தது. கரையோரத்துப் பெரும் பாறையில் ஏறிச் சிறுவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் குதித்துக்கொண்டிருந்தார்கள். பிறகொரு ஜனவரியில் அதே மணலில் நின்றபோது, அந்தப் பாறையின்மீது வெண்ணுரை ஏறி வழிந்தது. ஒவ்வோர் அலை விழும்போதும் அதிர்வு உள்ளங்காலில் தெரிந்தது. உயிர்காவலர்கள் எல்லோரையும் பின்னுக்குப் போகச் சொல்லி ஒலிபெருக்கியில் கூவியபடி இருந்தார்கள். ஒரே பருவத்தில் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் ஹவாயில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார் என்பது என் எண்ணம்.

வெயிலை வைத்து இந்த வேறுபாட்டை அறிய முடியாது, ஏனெனில் கரையோரத்தில் ஆண்டு முழுவதும் இதமான வெப்பமே நிலவுகிறது. குளிர்காலத்தில் வட பசிபிக்கில் எழும் புயல்கள் கிளப்பும் பேரலைகள், வழியில் நிலமோ ஆழங்குறைந்த கண்டத்திட்டோ குறுக்கிடாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, ஆழ்கடலிலிருந்து திடீரென உயரும் நீரடிப் பாறைகளில் மோதுவதால், தம் வலிமை குன்றாமலே வடகரையில் எழுந்து உடைகின்றன. நம் கோடை தென்கோளத்துக்குக் குளிர்காலம் என்பதால், ஜூன், ஜூலையில் அலைகள் தெற்கிலிருந்து, ஓஹுவின் தென்கரையிலுள்ள வைக்கிக்கிப் பக்கம் வருகின்றன. அவை நெடுந்தூரம் வந்து தணிந்தவை, புதிதாகப் பலகையில் அலைச்சறுக்குப் பழகுவோருக்கு ஏற்றவை.

மழையின் கணக்கு வேறு. வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று மலைகளில் மோதி மேலெழுந்து, காற்று எதிர்ப்படும் பக்கத்தில் மழையைக் கொட்டிவிடுகிறது. கவாய் தீவின் வையலேயலே சிகரத்தில் ஆண்டுச் சராசரி மழை 9,000 மில்லிமீட்டருக்கும் மேல். அதே தீவின் மேற்குக் கரையோ காய்ந்து கிடக்கிறது. இத்தனை நுட்பமாக மழை இடம்மாறும் மண்ணில் அதற்கு ஒரே பெயர் போதுமா? ஹீலோவில் பெய்வது கனிலெஹுவா, மனோவாப் பள்ளத்தாக்கில் பெய்வது துவாஹினே என்று ஊருக்கு ஊர் மழைக்குத் தனிப்பெயர் சூட்டிய மொழி ஹவாய் மொழி.

அந்த மொழி எப்படி ஒடுக்கப்பட்டது என்பது ஹோனலூலுவின் இயோலானி அரண்மனைக்குப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. 1893 ஜனவரியில் ஹவாயின் அரசி லிலியுவோகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1895இல் தம் சொந்த அரண்மனையின் மாடி அறையிலேயே மாதக்கணக்கில் அவர் சிறைவைக்கப்பட்டார். அப்போது தைக்கத் தொடங்கிய ஒட்டுத்துணிப் போர்வை இன்றும் அங்கே காட்சியில் இருக்கிறது. பட்டும் வெல்வெட்டுமாகச் சேர்த்த துண்டுகளில் அக்காலத்துச் செய்திகளை நூலால் பொறித்த அந்தப் போர்வையின் முன்னால் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது.

அதனால்தான் 1976ஆம் ஆண்டை அம்மக்கள் பெருமிதத்துடன் சொல்கிறார்கள். ஹோகுலேயா என்னும் இரட்டைத் தோணி, மைக்ரோனேசிய மாலுமி மவு பியாய்லுக்கின் வழிகாட்டுதலில், எந்தக் கருவியும் இன்றி விண்மீனையும் அலைப்போக்கையும் பார்த்தே தஹீதி வரை சென்றது. 1978இல் மறுபயணம் புறப்பட்ட அத்தோணி முதல் இரவிலேயே கவிழ்ந்தது. உதவி கொண்டுவருவதாகச் சொல்லித் தம் சறுக்குப் பலகையில் கரைநோக்கிப் போன எடி ஐகாவு திரும்பவே இல்லை. தோழர்களைக் காப்பாற்றிவிட்டார்கள், அவருக்கு அப்போது 31 வயது. வைமியாவில் எத்தனையோ உயிர்களை மீட்ட உயிர்காவலர் அவர். அவர் பெயரில் அங்கே நடக்கும் அலைச்சறுக்குப் போட்டி, அலைமுகம் ஏறத்தாழ 40 அடி எழும் நாளில் மட்டுமே நடக்கிறது; பல ஆண்டுகள் நடக்காமலே போவதும் உண்டு. 2023இல் வென்றவர், அன்று கரையில் பணியிலிருந்த உயிர்காவலர் லூக் ஷெப்பர்ட்சன்.

விரிகுடாவுக்கு மேலே, குன்றின்மீது, ஓஹுவின் மிகப்பெரிய பழங்கோயிலான பூவு ஓ மஹூகாவின் கற்சுவர்கள் இருக்கின்றன. ஜனவரிப் பயணத்தின் கடைசி மாலையில் அங்கே ஏறினேன். யாரோ இலையில் பொதிந்து வைத்த காணிக்கை ஒரு கல்லின்மேல் இருந்தது. கீழே, வரிசை வரிசையாக வந்த அலைகளுக்கு அப்பால், பலகைகளின்மேல் அமர்ந்து காத்திருந்தவர்கள் சிறு புள்ளிகளாகத் தெரிந்தார்கள்.