முகம் காட்டியபோது வராத வேலை

புலம்பெயர்ந்து வந்து ஆல்டரேஷன் வேலை தொடங்கியபோது ஒரு தையல் மெஷின், துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஒரு ஓவர்லாக் மெஷின், இரண்டு கத்தரிக்கோல் வைத்திருந்தேன். சொந்தபந்தம் இருக்கும் இடமென்றால் ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவார். இங்கே சொல்வதற்கே ஆளில்லை. அதனால்தான் இன்ஸ்டாகிராம்.

கணக்குத் தொடங்கும் முன் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், என் விசா நிபந்தனைகளைப் படித்தது. பல நாடுகளில் மாணவர் விசாவிலோ, ஒரு கம்பெனியோடு கட்டிப்போட்ட வேலை விசாவிலோ சொந்தத் தொழில் செய்யத் தடையோ கட்டுப்பாடோ உண்டு. வீடியோ விளம்பர வருமானமும், இலவசப் பொருள் வாங்கிக்கொண்டு போடும் பதிவும்கூட அதில் மாட்டலாம். வக்கீலிடம் கேட்டுத் தெளிந்த பிறகே முதல் பதிவு போட்டேன்.

முதல் நான்கு மாதம் வீண். எல்லோரும் பேசுகிறார்களே என்று நானும் கேமரா முன் உட்கார்ந்து "வெறுங்கையோடு வந்தவன்" கதை பேசினேன். ஒரு ரீல் எப்படியோ ஓடி 40,000 பார்வை தொட்டது. இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை. அந்த வாரம் கடைக்கு வந்த புது ஆள் ஒருவர்கூட இல்லை. கணக்கை 'புரொஃபஷனல்' வகைக்கு மாற்றினால்தான் இன்சைட்ஸ், அதாவது யார், எங்கிருந்து பார்க்கிறார்கள் என்ற கணக்கு, காட்டும் என்பதே அப்போதுதான் தெரிந்தது. மாற்றி, அடுத்தடுத்த ரீல்கள் போட்ட பிறகு பார்த்தால், பார்ப்பவர்களின் ஊர்ப் பட்டியலில் என் நகரத்தையே காணோம். பார்ப்பவர்கள் எல்லாம் தொலைதூரத்து நம் ஆட்கள். பாண்டைத் தபாலிலா அனுப்பப் போகிறார்கள்?

மாற்றம் ஒரு வாடிக்கையாளரின் கேள்வியில் வந்தது. ஜீன்ஸின் உயரத்தைக் குறைத்த பிறகும் பழைய ஓரம் அப்படியே இருக்கிறதே, எப்படி என்றார். கீழ் ஓரத்தை வெட்டி எறியாமல் மேலே மடித்து, கம்பெனித் தையல் பட்டியை ஒட்டினாற்போல் தைத்து, உள்ளே மிஞ்சும் துணியை வெட்டிவிடுவது, அவ்வளவுதான். பக்கத் தையல் தடித்து நிற்கும் இடத்தில் சுத்தியலால் நாலு தட்டு. அங்கே மோட்டாரை நம்பாமல் சக்கரத்தைக் கையால் சுற்றணும். இதை மெஷினுக்கு மேலே போனைக் கட்டி, கைகள் மட்டும் தெரிய எடுத்துப் போட்டேன். முதல் காட்சியே முடிந்த ஓரம். முகமில்லாமல் என்ன பர்சனல் பிராண்ட் என்று நண்பர் சிரித்தார். ஆனால் அந்த வீடியோவைக் காட்டிக்கொண்டுதான் மூன்று பேர் வந்தார்கள்.

கூடவே புரொஃபைலில் பெயர் எழுதும் இடத்தில் தொழிலையும் நகரத்தையும் சேர்த்தேன். தேடலில் அந்த இடமும் கணக்கில் வருகிறது. கூகுளில் கடையைப் பதிந்து, வந்தவர்களிடம் ரிவ்யூ கேட்டேன். தள்ளுபடி தருகிறேன் என்று கேட்கக் கூடாது, அது கூகுள் விதிக்கு விரோதம்.

மொழிதான் அதிகம் படுத்தியது. இந்த நாட்டு மொழியில் எழுதி வைத்து வாசித்தால் செய்தி வாசிப்பது போல் இருந்தது. கடைசியில் தைத்துக்கொண்டே, வாடிக்கையாளருக்குச் சொல்வதுபோல், தப்பும் தவறுமாகவே பேசினேன். வீடியோவில் பேச்சைத் தானாக எழுத்தாக்கிக் காட்டும் கேப்ஷன் என் உச்சரிப்பைக் கண்டபடி எழுதும், ஒவ்வொரு முறையும் கையால் திருத்துகிறேன். ஒருமுறை 'மடிப்பு' என்பதற்குத் தவறான சொல்லைச் சொல்லிவிட்டேன். திருத்துவதற்கென்றே கமெண்டில் வந்து குவிந்தார்கள், அதில் இருவர் பக்கத்துத் தெருக்காரர்கள்! கேலி செய்பவர்களும் உண்டு. குறிப்பிட்ட வார்த்தை உள்ள கமெண்டை இன்ஸ்டாகிராம் மறைத்துவிடும் 'மறைக்கும் சொற்கள்' பட்டியலில் அவர்கள் வழக்கமாக எழுதும் வார்த்தைகளைப் போட்டு வைத்தேன், முடிந்தது.

இப்போது வாரம் இரண்டு வீடியோ. பிறர் துணியைக் காட்டுவதற்கு முன் கேட்டுவிடுவேன். அந்தப் பழைய ரீலுக்கு மட்டும் இன்னும் கமெண்ட் வருகிறது: "அங்கே எப்படிண்ணே வந்தீங்க?" பதில் எழுதணும். மேசையில் 11 பாண்ட் கிடக்கிறது.