புக்தல் மடத்துப் பள்ளிக்கூடம்

புக்தல் மடத்தைப் பார்க்க லடாக்கின் ஜான்ஸ்கர் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் ஜீப் வாடகையைச் சாட்சி வைத்துப் பேசிவிட்டு ஏறுங்கள். அங்குள்ள முக்கிய ஊரான பதுமில் ஏறும்போது ஓட்டுநர் சொன்னது ஒரு தொகை, புர்னே கிராமத்தில் இறங்கும்போது கேட்டது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ரோடு மோசமாம்! அது ஏறும்போதே தெரியாதா? பதுமைத் தாண்டினால் ஏடிஎம்மும் இல்லை. திரும்பிப் போக வைத்திருந்த பணத்தில் பாதி அங்கேயே போய்விட்டது, பகல் கொள்ளை.

புர்னேவுக்கு அப்புறம் ஆற்றை ஒட்டி ஒற்றையடிப் பாதை. ஒரு திருப்பத்தில் பெரிய குகை வாய், அதன் கீழே கொலுப்படி மாதிரி அடுக்கடுக்காக வெள்ளை அறைகள். அதுதான் புக்தல் மடம். 1820களில் ஹங்கேரியிலிருந்து வந்த சோமா என்ற மொழி அறிஞர் இங்கேயும் தங்கித் திபெத்திய நூல்களைப் படித்தார். அவருடைய திபெத்திய-ஆங்கில அகராதி 1834இல் வெளிவந்தது.

நான் போனது பள்ளிக்காக. 1993இல் மடமே அதைத் தொடங்கியது. பிரார்த்தனை, போத்தி (திபெத்திய) எழுத்து, பௌத்த தத்துவம் எல்லாம் உண்டு. அதே பிள்ளைகள் கணக்கு, அறிவியல், இந்தி, ஆங்கிலமும் படிக்கிறார்கள். இந்த மடம் பின்பற்றும் கெலுக் என்ற திபெத்திய பௌத்த மரபில் தர்க்கம் முக்கியமான பாடம். நிற்பவர் கையைத் தட்டிக் கேள்வி போடுவார், உட்கார்ந்திருப்பவர் சட்டென்று பதில் சொல்ல வேண்டும். அப்படிப் பழகிய பிள்ளை அறிவியல் வகுப்பிலும் 'ஏன்' என்று கேட்காமல் விடுமா? மனப்பாடம் செய்து மார்க் வாங்கும் நம் பள்ளிகளுக்கு இது கட்டாயம் வேண்டும்.

படிப்புக்காகப் பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே தொலைதூர விடுதிக்கு அனுப்பி, ஊரும் மொழியும் மறக்க விடுவது எனக்குச் சம்மதமில்லை. குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் நடத்தியே பிள்ளைகளை லே நகரத்துப் பள்ளிகளுக்குக் கூட்டிப்போன பெற்றோர் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. பள்ளி இங்கேயே இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்! 2014 கடைசியில் மலை சரிந்து ஆற்றை அடைத்தது. 2015 மே மாதம் அந்த அடைப்பு உடைந்து, பாலங்களோடு பள்ளியையும் வெள்ளம் தாக்கியது. அதற்கப்புறமும் பாடத்தை விடவில்லை.

மதியம் மடத்துச் சமையலறையில் துக்பா கொடுத்தார்கள். கெட்டியான குழம்பு, கையால் பிய்த்துப் போட்ட மாவு, மேலே காய்ந்த பாலாடைக்கட்டி. இரண்டு கிண்ணம் குடித்தேன். லேயில் காசு கொடுத்துச் சாப்பிட்ட எதுவும் இதற்குக் கிட்டே வராது. விலை கேட்டால் சிரிக்கிறார்கள், உண்டியலில் போட்டுவிடுங்கள்.

போகிறவர்கள் மிட்டாய் வாங்கிப் போகாதீர்கள். நோட்டு, பென்சில் பதும் கடைத்தெருவிலேயே கிடைக்கும். பிள்ளைகள் கையில் கொடுக்காமல் ஆசிரியரிடம் கொடுங்கள், யாருக்கு எது தேவை என்று அவருக்குத்தான் தெரியும்.