பழைய நான்கு சிலிண்டர் பைக்கில் பாட் ஃபில்டர்

1972-இல் வந்த கவாஸாகி இஸட்1 மாதிரி 903 சிசி வண்டியைப் பார்த்தாலே ஏர்பாக்ஸை, அதாவது காற்று வடிகட்டிப் பெட்டியை, கழற்றி எறிந்துவிட்டு, கார்புரேட்டருக்கு ஒன்றாக நாலு கூம்பு ஃபில்டரை, அதாவது பாட் ஃபில்டரை, மாட்டக் கை துறுதுறுக்கும். அழகுதான். ஆனால் காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். இல்லையென்றால் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும், மோசமானால் பிஸ்டனே ஓட்டையாகும்.

முதலில் கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் இன்டேக் ரப்பரைப் பாருங்கள். காய்ந்து வெடித்திருந்தால் எந்த ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள சிறு திருகு) போட்டும் பயனில்லை.

பிறகு முழு த்ராட்டிலுக்குப் பெட்ரோல் தரும் மெயின் ஜெட். ஒவ்வோர் அளவாக ஏற்றுங்கள். நாலாவது கியரில் முழு த்ராட்டில் கொடுத்து, அப்படியே கிளட்சைப் பிடித்து கில் ஸ்விட்சை அணைத்து, ஓரமாக நிறுத்தி ப்ளக்கைக் கழற்றுங்கள். வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை, கரி படிந்தால் அதிகம், இளம்பழுப்பு சரி. பாதி த்ராட்டிலில் தடுமாறினால் கார்புரேட்டர் ஸ்லைடில் தொங்கும் ஊசியின் (நீடில்) கிளிப்பை ஒரு காடி கீழே இறக்குங்கள், நீடில் மேலேறும், பெட்ரோல் கூடும்.

ஐடில் கலவையைச் சரிசெய்யும் ஸ்க்ரூவில்தான் பலர் குழம்புவார்கள். அது ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துவது: உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் நேர் எதிர்.

டயஃப்ரம் வைத்த சிவி கார்புரேட்டர் என்றால் ஏர்பாக்ஸைத் தொடாமல் விடுவதே நல்லது. அதன் ஸ்லைடு மேலே எழுவது காற்றழுத்த வேறுபாட்டால். சீரான காற்றோட்டம் போனால் நடு ஆர்பிஎம்மில் திக்கும். பாட் ஃபில்டரின் ரப்பர் உதடு கார்புரேட்டர் வாயிலுள்ள சிறு துளைகளை அடைத்துவிடுவதும் உண்டு.