200 ரூபாய் சலான்

"மேடம், பணம் எடுத்தா என் வீட்டுக்காரர் போனுக்கு மெசேஜ் போகுமா?" வங்கிக் கவுன்டரில் என் முன்னால் நின்ற பெண் கேட்டார்.

போகும் என்றேன். எழுதி வைத்திருந்த 200 ரூபாய் சலானை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். "அப்ப வேணாம். பாஸ்புக் மட்டும் என்ட்ரி போட்டுக் கொடுங்க."

அதோடு விட்டிருக்கலாம். "வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுங்களேம்மா" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் இன்னும் போகவில்லை.

அந்தக் கணக்கில் கணவரின் எண்ணை ஏற்றியதே நான்தான். அன்று இருவரும் சேர்ந்து வந்தார்கள். படிவத்தைக் கணவர் நிரப்பினார், மனைவி கையெழுத்துப் போட்டார். "உங்களுக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டேன். "ஆமா மேடம், எல்லாம் அவர்தான் பாத்துக்குவார்." கையெழுத்து ஒத்துப்போனது, ஆதார் சரி. விதிப்படி ஒரு குறையும் இல்லை என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். ஆனால் கணவர் தோளோடு தோள் நிற்கும்போது கேட்டால் வேறு என்ன பதில் வரும்?

பக்கத்து சீட்டுக்காரர், "குடிக்கிறது இல்ல, கை நீட்டுறது இல்ல, தங்கமான மனுஷன்" என்றார். நானும் தலையாட்டினேன். அடி விழுந்தால்தான் கொடுமை என்று ஊரே நினைக்கிறது. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒரு பெண்ணுக்கு உரிய பணத்தை அவளுக்குக் கிடைக்காமல் செய்வதையும் வன்முறை என்றே சொல்கிறது. எனக்குத் தெரியாததில்லை. பணியிடப் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் அலுவலக உள் புகார்க் குழுவில் நான் உறுப்பினர். பயிற்சி வகுப்பில் குறிப்பெல்லாம் எடுத்தேன்.

பெண்கள் உதவி எண் 181க்குப் பேசுங்கள், மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். 200 ரூபாய் எடுக்க வந்தவரிடம் அதைச் சொன்னால் மிரண்டு போய் இந்தப் பக்கமே வராமல் இருந்திருப்பாரோ என்றும் தோன்றுகிறது. சரி, எண்ணையாவது மாற்றித் தரட்டுமா என்று கேட்டிருக்கலாம். ஆனால் மாற்றினால் பழைய எண்ணுக்கும் தகவல் போகும்.

இப்போதெல்லாம் கணவரோடு வரும் பெண்களை, கையெழுத்து சரிபார்க்க வேண்டும் என்று உள்ளே தனியாக அழைத்துக் கேட்கிறேன். போன மாதம் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என் புருஷனை நான் நம்பக் கூடாதா மேடம்?" நம்பலாம்தான். எத்தனையோ வீடுகளில் அது வெறும் வசதிக்காகச் செய்வது. எது எந்த வீடு என்று கவுன்டரில் உட்கார்ந்துகொண்டு எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்த 200 ரூபாய் சலான் பெண் இன்னும் வருகிறார். பாஸ்புக்கை நீட்டுவார். சம்பளம் ஏறிய அன்றே முழுவதும் வேறு கணக்குக்குப் போயிருக்கும். அந்த இரண்டு வரியை நானும் பார்ப்பேன், அவரும் பார்ப்பார். இந்த மாதமும் என்ட்ரி போட்டுக் கொடுத்தேன்.