வயிற்றுக்குள் இரண்டு லிட்டர்

ஜூன் 3, 2024, திங்கள்

இன்றோடு ஊசி நின்றது. சிறுநீரகம் பழுதானதால் வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் மிஷினில் படுத்துக் கிடந்தே இரண்டரை வருஷம் போய்விட்டது. கடைசி ஆறு மாதமாக மூன்றாவது மணி நேரம் வந்தாலே பிபி இறங்கும், கெண்டைக்கால் சுண்டி இழுக்கும், வீட்டுக்கு வந்தால் மறுநாள் காலைவரை எழுந்திருக்க முடியாது. அதனால்தான் வயிற்று டயாலிசிஸுக்கு மாறச் சொன்னார் டாக்டர். மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் ஊற்றி, கழிவோடு சேர்த்து வடித்துவிடும் முறை அது. தொப்புளுக்குப் பக்கத்தில் ட்யூப் வைத்துப் பதினைந்து நாள் ஆகிறது. புண் ஆறும்வரை மிஷின்தான் ஓடியது.

இன்றுதான் முதல் பை மருந்துத் தண்ணீர் உள்ளே போனது. ஒரு லிட்டர்தான், படுத்தபடியே. வலியில்லை. பசிக்காத நேரத்தில் யாரோ வற்புறுத்திச் சாப்பிட வைத்தது போல ஒரு திணறல்.

ஜூன் 6, வியாழன்

வலது தோள்பட்டையில் குத்தல். வயிற்றில் ஊற்றினால் தோள் ஏன் வலிக்க வேண்டும் என்று பயந்துபோனேன். குழாயில் இருந்த காற்று உள்ளே போய் உதரவிதானத்துக்கு அடியில் நிற்கிறதாம், அந்த நரம்பு தோளில் வலியைக் காட்டுமாம். இனி ஊற்றுவதற்கு முன்னால் குழாயில் காற்று இல்லாமல் மருந்துத் தண்ணீரை ஓடவிட்டுப் பார்க்கச் சொன்னார் சிஸ்டர். சாயங்காலத்துக்குள் குறைந்துவிட்டது.

ஜூன் 11, செவ்வாய்

வீட்டில் மூன்றாம் நாள். ஒரு நாளைக்கு நாலு தடவை, தடவைக்கு இரண்டு லிட்டர். உள்ளே போவது பரவாயில்லை, வெளியே வரும்போதுதான் உயிர் போகிறது. கடைசி ரெண்டு நிமிஷம் அடிவயிற்றையும் ஆசனவாயையும் சேர்த்து உள்ளிருந்து உறிஞ்சுகிற மாதிரி. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அத்தை பார்த்துவிட்டு, "ஏன்டி இப்படிப் பொறுத்துக்கிட்டு இருக்க, போன் பண்ணிக் கேளு" என்றார்.

கேட்டேன். சிஸ்டரின் முதல் கேள்வி, "மோஷன் ஒழுங்கா போறீங்களாம்மா?" நாலு நாளாக இல்லை. மலம் கட்டிக்கொண்டால் குடல் ட்யூபை நகர்த்தும், வடிவதும் தடைப்படும் என்றார். மலமிளக்கிக்கு டாக்டரிடம் கேட்டுச் சொன்னார். கடைசிச் சொட்டுவரை வடிக்க வேண்டாம், இழுக்க ஆரம்பித்ததும் மூடிவிட்டுக் கொஞ்சம் உள்ளேயே விடுங்கள் என்றார். மூன்று நாள் இதைக் கேட்காமல் வீணாக அழுதிருக்கிறேன்.

ஜூன் 15, சனி

வலி பாதிக்குப் பாதி. நேற்று அவசரத்தில் பையைச் சரியாகச் சூடாக்காமல் ஏற்றி உடம்பெல்லாம் நடுங்கியது. இனி உடம்புச் சூட்டுக்கு வராமல் தொடமாட்டேன்.

பாவாடை நாடாதான் பெரிய தொல்லை. சரியாக ட்யூப் வெளிவரும் இடத்திலேயே அழுத்துகிறது. புண்ணானால் கிருமி நுழையும். சேலையை மடித்து வைத்துவிட்டு நைட்டியும் தொளதொள சுடிதாருமாக இருக்கிறேன். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஜூன் 24, திங்கள்

பைகள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தன. புரதம் தண்ணீரோடு வெளியேறுவதால் தினமும் கூடுதலாக இரண்டு முட்டை வெள்ளைக்கரு. இன்று காலை மதில்வரை நடந்துபோய்ப் பூப்பறித்தேன். மிஷின் நாளாக இருந்த திங்கட்கிழமையில் இப்படி எழுந்து நடந்து எத்தனை நாளாயிற்று!

மிஷினுக்கு ஊசி குத்துவதற்காக இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலாவில் இன்னும் விர்ரென்று துடிப்பு இருக்கிறது. அது இருக்கட்டும், தேவைப்படலாம் என்றார் டாக்டர். ராத்திரி தூங்குமுன் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

கலங்கலாக வடிந்தால் உள்ளே தொற்று, உடனே ஓடிவர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் வடிந்த பையைத் தினசரித் தாள்மேல் வைத்துப் பார்ப்பேன். இன்று பொடி எழுத்துகூடத் தெளிவாகத் தெரிந்தது.